பெண்ணுறையைக் கணவருக்குத் தெரியாமல் அணிய முடியுமா?

கேள்வி: வயது 29. இரண்டு வயதில் ஒரு குழந்தை. இப்போதைக்கு அடுத்தது வேண்டாம். மாத்திரை போட்டால் குமட்டல், ஆணுறை என்றாலே கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மெடிக்கல் ஷாப்பில் தயங்கித் தயங்கி 'பெண்ணுறை' என்று கேட்டேன். கடைப்பையன் நாப்கின் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். அது ஏன் கிடைப்பதில்லை? உள்ளே போய் மாட்டிக்கொள்ளுமா? அவருக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: பெண்ணுறை என்பது கருத்தரிக்காமல் இருக்கப் பெண் தன் உறுப்புக்குள் அணியும் உறை. கடைப்பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவன் அதைப் பார்த்தே இருக்க மாட்டான். இத்தனைக்கும் நம் நாட்டில், நாசிக் பக்கத்திலேயே பெண்ணுறை தயாராகி வெளிநாடுகளுக்குப் போகிறது. இங்கே கேட்பவர்கள் குறைவு என்று கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. கடையில் இல்லாததால் யாரும் கேட்பதுமில்லை. விலையும் ஆணுறையைவிடப் பல மடங்கு அதிகம். ஆன்லைனில் தேடினால் கிடைக்கலாம்.

மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். பெண்ணுறுப்பின் பாதை கர்ப்பப்பை வாயோடு முடிந்துவிடுகிறது, அதைத் தாண்டி உறை எங்கேயும் போகாது. என் மேஜை டிராயரில் காட்டுவதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "என்ன டாக்டர், இவ்வளவு பெரிசா இருக்கு!" மூடிய முனையில் உள்ள வளையத்தை விரல்களால் அமுக்கி ஒடுக்கி, ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்தோ குந்தியோ உள்ளே தள்ள வேண்டும். திறந்த முனையின் வளையம் வெளியிலேயே இருக்கும். முதல் தடவை யாருக்கும் சரியாக வராது. தனியாக இருக்கும்போது இரண்டு மூன்று முறை போட்டுப் பழகுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், லேடெக்ஸ் என்ற ரப்பரால் ஆன உறை என்றால் கிழிந்துவிடும். கூடவே ஆணுறையும் போடக்கூடாது, ஒன்றோடொன்று உரசிக் கிழியும். முடிந்ததும் எழுந்து நிற்பதற்கு முன்பே வெளி வளையத்தை முறுக்கி இழுத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

தெரியாமல் அணிய முடியாது. வெளி வளையம் கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தட்டுப்படும். சில உறைகள் சரசரவென்று சத்தமும் போடும். ஒற்றை அறை வீட்டில், திரைக்கு அந்தப்பக்கம் மாமியார் படுத்திருக்கும்போது அந்தச் சத்தமே போதும், பல பெண்கள் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆணுறையை மறுக்கும் ஆண்கள் சிலர் இதற்குச் சம்மதிப்பதுண்டு, அவர்கள் எதையும் மாட்ட வேண்டாம், அவசரமாக நிறுத்தவும் வேண்டாம். சில மணி நேரம் முன்பே நீங்கள் அணிந்துகொள்ளலாம். "எனக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இதைப் போட்டுக்கொள்கிறேன்" என்று பகலில், சாதாரணமாகப் பேசும் நேரத்தில் சொல்லிப் பாருங்கள்.

இதெல்லாம் சரி, உங்கள் தேவைக்கு இது பொருந்துமா? எனக்குச் சந்தேகம்தான். எப்போதும் சரியாகப் பயன்படுத்தினாலே ஆண்டுக்கு 100 பேரில் 5 பேர் கருத்தரிக்கிறார்கள், நடைமுறையில் இது 21 வரை போகிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி-யில் ஒருவருக்கும் குறைவு. பால்வினை நோய்த் தொற்று பற்றியும் கவலை இருந்தால் கதை வேறு. காப்பர் டி, மாத்திரை, ஊசி எதுவும் அதைத் தடுக்காது, உறை மட்டுமே தடுக்கும். அப்படி ஒரு கவலை இருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் ஆபரேஷன்தான் குடும்பக் கட்டுப்பாடு என்று ஆகிவிட்டது. உங்களுக்கு இப்போதே அது தேவையில்லை. எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையிலோ, திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலோ காப்பர் டி இலவசமாகப் போடுகிறார்கள். வேண்டும் என்றபோது எடுத்துவிட்டு அடுத்த குழந்தைக்குத் தயாராகலாம். முதல் சில மாதங்கள் மாதவிடாயில் ரத்தப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.