மூன்று வயதுக் குழந்தையின் சொல்வளத்தை வீட்டிலேயே வளர்ப்பது எப்படி?

பட அட்டைகள் வாங்கியும் மகன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, அவற்றை எடுத்து உள்ளே வையுங்கள்.

நானும் மகளைப் படத்தின் முன் நிறுத்தி, "இது என்ன, அது என்ன" என்று தேர்வு நடத்தியவள்தான். ஒட்டகச்சிவிங்கி வரை ஒப்பித்தாள். ஆனால் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தால், "அம்மா, தண்ணீர்!" என்பதற்கு மேல் அவளுக்குச் சொல் இல்லை. அத்தனையும் பெயர்ச்சொற்களாகவே ஊட்டியிருக்கிறேன்!

அதன்பிறகு குளியல் நேரத்தில் அவள் கை என்ன செய்கிறதோ, அதற்குரிய சொல்லை மட்டும் சொல்லி வந்தேன். குவளையில் மொள்கிறாய். விளிம்பில் ததும்புகிறது, பார். இப்போது வழிகிறது. கைதவறினால் சிந்திவிட்டது, வேண்டுமென்றே கவிழ்த்தால் (தினமும் உண்டு) கொட்டிவிட்டாய். சிந்துவதற்கும் கொட்டுவதற்கும் வேறுபாட்டை விளக்கச் சொன்னால் எனக்கே நாக்குக் குழறும். சில வாரங்கள் கழித்து, நனைந்த தரையைப் பார்த்து நான் முறைத்தபோது, "கொட்டவில்லை அம்மா, சிந்திவிட்டது" என்றாள். பொய்தான். ஆனாலும் சொல்லைச் சரியாகப் பிடித்திருந்தாள்.

1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற ஆய்வாளர்கள் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளிடம், வேறு வேலைக்கு நடுவே, தெரிந்த நிறம் ஒன்றைச் சொல்லி, அது வேண்டாம், 'குரோமியம்' தட்டை எடுத்து வா என்றார்கள். தட்டின் நிறம் ஆலிவ் பச்சை; 'குரோமியம்' அந்தக் குழந்தைகள் அதுவரை அறியாத சொல். விளக்கம் ஏதும் தரவில்லை. போகிறபோக்கில் காதில் விழுந்ததிலேயே பல குழந்தைகள் அது ஒரு நிறத்தின் பெயர் என்று ஊகித்துவிட்டார்கள். அந்தச் சொல் முழுதாகப் படிவதற்குத்தான் பல நாள், பல இடங்களில் கேட்க வேண்டும்.

உங்கள் மகன் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியே பேசுங்கள். "நாய் ஓடினான்" என்றால் திருத்த வேண்டாம்; "ஆமாம், நாய் ஓடியது, எதைத் துரத்திக்கொண்டு ஓடியது?" என்று நீட்டுங்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நமக்குத்தான் அந்தப் பொறுமை இருப்பதில்லை, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

கதைப் புத்தகம் ஒன்றே போதும், திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள்.

ஒன்று மட்டும்: இந்த வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் வீட்டு வைத்தியமாக இதையெல்லாம் செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, முதலில் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள்.