திப்பியிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கலாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறோம். மாவு எடுத்தபின் மிஞ்சும் குச்சிக்கிழங்குச் சக்கையான திப்பி மலையாகக் குவிகிறது. பாக்டீரியாவை வைத்து இதில் மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம் என்று ஒருவர் மெஷின் விற்க வந்திருக்கிறார். இறங்கலாமா?

பதில்: முன்பணம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை, கணக்குத்தான் இடிக்கிறது.

கோடைக்கு ஆகுமென்று சோளத்தட்டைப் போர் போட்டு வைக்கிறோம் அல்லவா, சில பாக்டீரியாக்களும் அப்படித்தான். சர்க்கரை ஏராளமாக இருந்து நைட்ரஜன் தட்டுப்பாடானால் அவற்றால் பெருக முடியாது. மிஞ்சியதை உடம்புக்குள்ளேயே பி.எச்.பி. என்ற பிளாஸ்டிக் மணிகளாகச் சேர்த்துக்கொள்ளும். 1926-லேயே பிரான்சில் மொரீஸ் லெமுவான் இதைக் கண்டறிந்தார். சூடான் பிளாக் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இளஞ்சிவப்பு உடலுக்குள் கருநீலப் பொட்டுகள் தெரியும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இனி கணக்கு. ஈரத் திப்பி ஒரு டன்னில் தண்ணீரே சுமார் 800 கிலோ. மீதி 200 கிலோவில் பாதி மாவு என்று வையுங்கள். என்சைம் போட்டு உடைத்தால் 110 கிலோ சர்க்கரை. மூன்று கிலோ சர்க்கரைக்கு ஒரு கிலோ பிளாஸ்டிக் வந்தாலே நல்ல விளைச்சல். ஆக, 35 கிலோ தேறும். அதற்காகத் தொட்டியை நீராவியில் கிருமி நீக்கி, இரண்டு மூன்று நாள் விடாமல் காற்று ஊதி, செல்லை உடைத்து, மணிகளைப் பிரித்துக் கழுவ வேண்டும். கரண்ட் பில்லும் பிரித்தெடுக்கும் செலவும்தான் ஆளை அமுக்கும். சாதா பாலித்தீனைவிட இது பல மடங்கு விலை விற்பது அதனால்தான்.

எந்த பாக்டீரியா என்று அவரிடம் கேளுங்கள். பலரும் சொல்லும் குப்ரியாவிடஸ் நெகேட்டர் மாவைத் தின்னாது. அதன் இயல்பான வகை குளுக்கோஸையும் தொடாது, பழச்சர்க்கரைதான் வேண்டும். மாவையே உடைத்துத் தின்பவை பேசிலஸில் உண்டு. அவர் காட்டுவது பி.எல்.ஏ. என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் என்றால் அது வேறு சங்கதி: பாக்டீரியா தருவது லாக்டிக் அமிலம் மட்டுமே, பிளாஸ்டிக்காக மாற்றுவது கெமிக்கல் ஆலை. நம் குப்பைக்குழியில் அது எளிதில் மக்கவும் மக்காது, 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உரக்கூடம் வேண்டும். பி.எச்.பி. மண்ணிலேயே மக்கும், ஆனால் தனியாக வார்த்தால் நொறுங்கும்.

விற்பதற்கு, மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ். 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழும் தேவை.

ஆசை விடவில்லையென்றால், ஒரு கிலோ திப்பியைக் காயவைத்து மாவுச்சத்தைச் சோதியுங்கள். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் பாக்டீரியா கல்ச்சர் வாங்கி, கோவை வேளாண் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையினரைக் கலந்துகொண்டு, ஒரு லிட்டர் குடுவையில் தொடங்குங்கள். அதுவரை திப்பி மாட்டுத்தீவனத்துக்கும் கழிவுநீர் பயோகேஸுக்கும் போகட்டும்.