கிட்: லேப் கணினியில் அடுத்தவர் பெயர்

கேள்வி: லேப் கணினியில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) வைத்து புராஜெக்ட் செய்கிறேன். என் கமிட்டெல்லாம் (மாற்றப் பதிவுகள்) வேறொரு மாணவர் பெயரில் விழுகின்றன. கிட்ஹப் தளத்துக்கு புஷ் செய்தால் (அவற்றை அனுப்பினால்) '403', அதாவது அனுமதி இல்லை, என்று மறுக்கிறது. கிட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இவை இரண்டு தனிச் சிக்கல்கள், நிறுவலில் குறையில்லை.

கமிட்டில் விழும் பெயரை கிட் சரிபார்ப்பதே இல்லை. கான்ஃபிக் கோப்பில் இருப்பதை அப்படியே ஒட்டும். முன்பு உட்கார்ந்தவர் '--குளோபல்' (கணக்கு முழுவதற்கும் என்ற குறி) சேர்த்து எழுதியிருப்பார். அதனால் அந்த விண்டோஸ் கணக்கில் வரும் எல்லோருக்கும் அவர் பெயர்தான். 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஒரிஜின்' அடித்தால் எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய், --குளோபல் இல்லாமல், 'கிட் கான்ஃபிக் யூசர்.நேம் "உங்கள் பெயர்"' என்று கொடுங்கள். யூசர்.ஈமெயிலும் அப்படியே. அந்த ரெப்போவில் (கிட் கண்காணிக்கும் புராஜெக்டில்) இதுதான் செல்லும். இரட்டை மேற்கோள்குறியை விடாதீர்கள்: விட்டால் முதல் சொல் மட்டும் பதிவாகி இனிஷியல் காணாமல் போகும், பிழைச் செய்திகூட வராது. கடைசி கமிட்டைத் திருத்த 'கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆதர்' போதும். புஷ்ஷுக்கு முன்பே செய்யுங்கள்.

403-க்குக் காரணம் பெரும்பாலும் முன்னவரின் சேமித்த லாகின். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். 'கிட்:' என்று தொடங்கி கிட்ஹப் முகவரியோடு நிற்கும் வரியை நீக்குங்கள். அடுத்த புஷ்ஷில் லாகின் கேட்கும். எழுந்து போகும்போது உங்களுடையதையும் நீக்கிவிடுங்கள், இல்லையேல் அடுத்தவர் உங்கள் கணக்கில் புஷ் செய்வார்.

கேள்வி: கிட்ஹப் பாஸ்வேர்டு சரிதான். டெர்மினலில் ஏற்க மாட்டேன் என்கிறதே?

பதில்: 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே பாஸ்வேர்டு செல்லாது. கிட்ஹப் செட்டிங்ஸில் பர்சனல் ஆக்சஸ் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான நீண்ட குறியீடு) உருவாக்கி, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஒட்டுங்கள். சொந்தக் கணினியென்றால் எஸ்எஸ்எச் சாவியே (உங்களை அடையாளம் காட்ட கணினியில் வைக்கும் சாவிக் கோப்பு) வசதி.

கேள்வி: நோட்_மாட்யூல்ஸை (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இருக்கும் ஃபோல்டர்) .கிட்இக்னோரில் (கிட் விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல்) எழுதியும் ரெப்போவில் இருக்கிறது.

பதில்: எழுதுவதற்கு முன்பே கமிட் செய்திருப்பீர்கள். ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பை .கிட்இக்னோர் தொடாது. 'கிட் ஆர்எம் -ஆர் --கேச்டு நோட்_மாட்யூல்ஸ்' கொடுத்துக் கமிட் செய்யுங்கள். டிஸ்க்கில் ஃபோல்டர் அப்படியே இருக்கும். ஆனால் பழைய கமிட்டுகளிலிருந்து அது போகாது. அவற்றில் 100 எம்பியைத் தாண்டிய கோப்பு ஒன்று இருந்தாலும் கிட்ஹப் புஷ்ஷைத் திருப்பிவிடும். .கிட்இக்னோரை நோட்பேடில் உருவாக்கியிருந்தால், அதன் பெயருக்குப் பின்னால் '.டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.