பி.டி. டீச்சர் பதில்கள்

கேள்வி: என் மகள் கல்லூரி சாப்ட்பால் அணியில் பிட்ச்சர், பேட்டருக்குப் பந்து எறிபவள். போன வாரம் ஒரே இன்னிங்ஸில் ஆறு பேருக்கு வாக் (சரியாக விழாத நாலு பந்துக்கு, அடிக்காமலேயே பேட்டர் முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரும் முதல் இடத்துக்குப் போவது) கொடுத்து, ஆட்டமே கைவிட்டுப் போனது. இனி பந்தையே தொட மாட்டேன் என்கிறாள். அவளிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.
- ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: ஃபீல்டர் விட்ட கேட்ச் அடுத்த இன்னிங்ஸில் மறந்துபோகும். பிட்ச்சரின் துக்கம் அப்படிப் போகாது ஐயா. பந்து எறியும் வட்டத்துக்குள் அவள் மட்டும்தான் நிற்கிறாள், மைதானத்தில் அத்தனை பேரும் அவள் கையையே பார்க்கிறார்கள். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட கிரவுண்டில் நின்றவள் நான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, பந்தின் தையலை விரலால் தடவிக்கொண்டே அழுகையை அடக்குகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது. அமெரிக்க சாப்ட்பால் பிட்ச்சர் லீசா பெர்னாண்டஸ் கதையைச் சொல்லுங்கள்.

கலிபோர்னியாவில் லாங் பீச் பக்கம் வளர்ந்த பெண். அப்பா கியூபாவிலிருந்து வந்தவர், அம்மா போர்ட்டோ ரிக்கோ. எட்டு வயதில் முதல் ஆட்டம் பிட்ச் செய்தபோது 20 பேருக்கு வாக் கொடுத்தார், இன்னும் 20 பேர் மேல் பந்தை எறிந்தார். தோல்வி 28-0. பன்னிரண்டு வயதில் ஒரு பயிற்சியாளர், உன் கை நீளம் போதாது, பெரிய பிட்ச்சராக வர முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். உன்னால் முடியாது என்று சொல்கிற உரிமையை யாருக்கும் கொடுக்காதே என்று தேற்றி, மறுபடி கிரவுண்டுக்கு அனுப்பியவர் அம்மா.

அந்தப் பெண்தான் 1990 முதல் 1993 வரை யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்காக 93 ஆட்டம் ஜெயித்து, 7 மட்டும் தோற்றார். 1990, 1992 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன் பட்டம். 1993இல் அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகளில் சிறந்தவருக்கான ஹோண்டா-பிராடரிக் கோப்பையும் வந்தது. சாப்ட்பாலுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் மகளுக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1996 ஒலிம்பிக், ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரம், எதிரே ஆஸ்திரேலியா. பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும் வரை ஒரு பேட்டரைக்கூட லீசா பேஸுக்கு விடவில்லை. சமநிலையில் நீண்டுபோன ஆட்டத்தை முடிக்க, விதிப்படி இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்கா 1-0 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக், அதாவது பேட்டர் அடிக்காமல் விடும் ஒரே ஒரு நல்ல பந்து, பாக்கி. ஆஸ்திரேலியாவின் ஜோஆன் பிரவுன் அந்தப் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார், ஹோம் ரன். பேஸில் நின்றவரும் அவரும் ஓடி வந்து இரண்டு ரன். 2-1, ஆட்டம் போச்சு.

நாலு வருஷம் கழித்து சிட்னியில் அதே ஆஸ்திரேலியா, 13 இன்னிங்ஸ். லீசா 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். மறுபடி கடைசியில் ஒரு ஹோம் ரன், மறுபடி 2-1. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கத்துக்கான ஆட்டத்தில், கடைசிக் கட்டத்தில் பந்து அவர் கையில்தான் இருந்தது. இரண்டிலும் தங்கம். 2004இல் ஏதென்ஸிலும் தங்கம்.

இன்று ராத்திரி மகளிடம் ஆட்டப் பேச்சை எடுக்காதீர்கள். நாளைக்கு நீங்களே ஒரு கிளவுஸை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் பந்து பிடிக்க உட்காருங்கள்.

கேள்வி: கல்லூரி பிட்ச்சர்களின் கணக்கில் 0.25 என்றெல்லாம் போடுகிறார்களே, அது என்ன?
- ஒரு மாணவி, கரூர்

பதில்: நீ சொல்வதும் லீசா கணக்குதான் அம்மா, 1993 சீசன். சாப்ட்பாலில் ஒரு முழு ஆட்டம் 7 இன்னிங்ஸ். ஃபீல்டர்கள் தவறால் வந்த ரன்னைக் கழித்துவிட்டு, 7 இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதுதான் இது. 0.25 என்றால் நாலு முழு ஆட்டத்துக்கு ஒரு ரன். அதே சீசனில் பேட்டிங் சராசரி .510, அதாவது அடிக்கப் போனதில் பாதிக்கு மேல் நல்ல அடி. இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். பிட்ச்சர் மட்டையைத் தொட வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் இதைக் காட்டு.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேம் என்பது விருதா, கட்டடமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டும்தான். அமெரிக்க தேசிய சாப்ட்பால் ஹால் ஆஃப் ஃபேம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. கல்லூரி அணிகளின் தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஸ்டேடியமும் அதே வளாகத்தில்தான். லாஸ் ஏஞ்சலஸ் 2028 ஒலிம்பிக்கின் சாப்ட்பாலையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் தனியாகவும் வைத்துக்கொள்வது உண்டு. யு.சி.எல்.ஏ. 2003இல் லீசாவைத் தன் பட்டியலில் சேர்த்தது, தேசிய அளவில் 2013இல் சேர்த்தார்கள்.

யு.சி.எல்.ஏ.வில் அவருடைய 16ஆம் எண் ஜெர்சியை இனி யாரும் போட முடியாது. அவரோ அதே அணிக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வந்து, பதினெட்டு வயதுப் பெண்களுக்குப் பிட்ச்சிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.