கடனை அடைக்கவா, கையில் வைக்கவா?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறேன். போன மழைக்குக் காய்ச்சல். நான்கு நாள் பொறுத்துப் பார்த்து, அப்புறம் படுத்ததில் பத்து நாள் கூலி போய்விட்டது. பத்து வட்டிக்கு வாங்கிய 5,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் 3,000 சேர்த்து அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன். கடனுக்குக் கொடுத்துவிடவா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, 2,000 கொடுங்கள். ஆயிரத்தைத் தொடாதீர்கள்.

பத்து வட்டி என்றால் மாதம் 500, வருஷத்துக்கு 6,000. வாங்கியதைவிட வட்டி அதிகம்! கணக்குப்படி மூவாயிரத்தையும் கொடுப்பதுதான் சரி. ஆனால் கையைத் துடைத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த காய்ச்சலுக்கு அதே ஆளிடம்தான் போய் நிற்பீர்கள். 2,000 கழிந்தால் வட்டி 300 ஆகும்; மிச்சமாகும் 200-ஐ மாதாமாதம் ஆயிரத்தோடு சேருங்கள். 'முழு அசலையும் தந்தால்தான் வாங்குவேன்' என்றால், மகளிர் குழுவில் உள்கடன் கேட்டு ஒரேயடியாக முடியுங்கள். மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வட்டிகூட இல்லை, அந்த நான்கு நாள்தான். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு வேறு. அதை எண்ணித்தானே பொறுத்தீர்கள்? மழைக்காலத்தில் வருவது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். சீக்கிரம் காட்டினால் பெரும்பாலும் மாத்திரையோடு போய்விடும். விட்டுவிட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கும். ஆக, அந்த ஆயிரம் முதல் நாளே வேலைக்குப் போகாமல் டாக்டரைப் பார்ப்பதற்கான பணம். சொந்தக்காரர் விசேஷத்துக்கு மொய், செய்முறை என்று அதை எடுக்காதீர்கள். (முதலில் கை போவது அங்கேதான்!)

பானையில் வைக்க வேண்டாம். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய் எப்போதும் நிற்க வேண்டும். உங்கள் தொகைக்கு அது பாதி. மினிமம் பேலன்ஸ் கேட்காத ஜன்தன் கணக்கு போதும். சீட்டு இதற்கு உதவாது, அவசரத்துக்கு நம் முறை வராது. இரவில் ஆட்டோ பிடிக்க இருநூறு ரூபாய் மட்டும் வீட்டில் இருக்கட்டும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அதன் ரகசிய எண் மூன்றும் உங்களிடமே இருக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போது உங்கள் செல் நம்பரையே கொடுங்கள். வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தால், பணம் போடும்போதெல்லாம் மெசேஜ் அவருக்குத்தான் போகும்.