டி செல் வளர்ந்த திரவம்: ஒரு கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மற்ற எதிர்ப்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ‘உதவி டி செல்’ என்ற வெள்ளணு, ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பி செல்லோடு ஒட்டி நின்றால்தான் ஆன்டிபாடி நன்றாக உருவாகும் என்று எழுதியிருந்தீர்கள். டி செல் சுரக்கும் கரையும் பொருள்களே ஆன்டிபாடியைத் தூண்டுகின்றன என்கிறது என் மகளின் பாடநூல். எது சரி? அந்தப் பொருள்களையே ஊசியில் செலுத்தினால் எதிர்ப்பாற்றல் கூடாதா?

க.

அன்புள்ள க.,

இரண்டும் சரி. பாதியை மட்டும் எழுதியது என் பிழை.

1972-ல் ஜெர்மனியில் ஷிம்பில், வெக்கர் என்ற இருவர் எலியின் மண்ணீரல் செல்களிலிருந்து டி செல்களை நீக்கிவிட்டு, மீதமிருந்தவற்றுக்கு, எதிர்க்க வேண்டிய அந்நியப் பொருளாக ஆட்டின் சிவப்பணுக்களைக் கொடுத்தார்கள். ஆன்டிபாடி சரியாக உருவாகவில்லை. தூண்டப்பட்ட டி செல்கள் வளர்ந்த திரவத்தை, செல் ஒன்றுகூட இல்லாமல் பிரித்து ஊற்றியதும் உருவானது! அக்காலத்தில் இதை அளந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சிவப்பணுக்கள் நிறைந்த மெல்லிய படலத்தில், ஆன்டிபாடி சுரக்கும் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் சிவப்பணுக்கள் சிதைந்து, ஒரு சிறு தெளிந்த வட்டம் தோன்றும். வட்டங்களை எண்ணினால் செல்களின் கணக்கு கிடைத்துவிடும்.

அந்தத் திரவத்தில் இருந்தது ஒற்றைப் பொருள் அல்ல. செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களான இன்டர்லூக்கின்-4, 5, 6 எனப் பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார்கள். எந்த வகை ஆன்டிபாடி உருவாக வேண்டும் என்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ வகைக்கு பி செல்லை மாற்றுவது இன்டர்லூக்கின்-4.

அப்படியானால் ஒட்டி நிற்பது எதற்கு? டி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் பி செல்லின் சிடி40 என்ற ஏற்பியைப் பற்ற வேண்டும். பிறவியிலேயே அந்தப் புரதம் பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களின் டி செல்களால் இன்டர்லூக்கின்களைச் சுரக்க முடியும். ஆனாலும் பி செல்கள் முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியிலேயே நின்றுவிடுகின்றன, அடுத்து உருவாக வேண்டிய ஐஜிஜி வகை மிகக் குறைவு, தொற்றுகள் ஓயாமல் வருகின்றன. மேலும், டி செல் தன் சுரப்பைக் கண்டபடி சிந்துவதில்லை. ஒட்டிய பி செல்லின் பக்கமாகத் திருப்பியே விடுகிறது.

ஊசியைப் பற்றிய உங்கள் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஊசியில் செலுத்தினால் அந்தப் பொருள் உடல் முழுவதும் பரவும், எந்த பி செல்லுக்கு உதவி தேவை என்று அதற்குத் தெரியாது. இன்டர்லூக்கின்-6 மிகுந்தால் காய்ச்சலும் அழற்சியும் வரும். முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் மருந்து அதன் ஏற்பியை அடைக்கத்தான் உருவாக்கப்பட்டது.

மகளின் பாடநூல் சொல்வதில் தவறில்லை. ஓரத்தில் ‘சிடி40’ என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.