பொங்கலன்று 17-ம் நாள்: ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு ஊருக்குப் போகலாமா?

பதில்கள்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை மருத்துவர், உணவியல் நிபுணர்

கேள்வி: வயது 43. எடை குறைவதற்காக, டிசம்பர் 29-ல் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள மாமியார் வீட்டுக்குக் காரில் போகிறோம். தை 5 ஆற்றுத் திருவிழா வரை தங்குவோம். ஆபரேஷன் விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாது. என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதல் செக்-அப் முடிந்து, உங்கள் சர்ஜன் சரி என்று சொல்லியிருந்தால் தாராளமாகப் போகலாம். கார் குலுங்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் ஆகாது. பயப்பட வேண்டியது மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதற்கும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும்தான். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். உடலில் நீர் குறைந்தால் அது இன்னும் கூடும்.

சாதாரண நாளில் நாலு மணி நேரப் பயணம். போகிக்கு முதல் நாள் கிளம்பினால் தாம்பரத்தைத் தாண்டவே பாதிப் பொழுது போய்விடும். இரண்டு மூன்று நாள் முன்பாகவே, விடியற்காலையில் புறப்படுங்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவைத்து உட்காருங்கள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். வண்டி நெரிசலில் நிற்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை அசையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், பயணத்தன்று அதை விட்டுவிடக் கூடாது. ரயிலில் டிக்கெட் கிடைத்தால் எங்கள் ஓட்டு ரயிலுக்குத்தான். எழுந்து நடக்கலாம், கழிவறையும் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால் மஞ்சக்குப்பம் பக்கம்தான்.

கழிவறை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் நல்ல இடம் கிடைக்காது என்று பெண்கள் தண்ணீரையே தவிர்ப்பது வழக்கம். உங்களுக்கு இப்போது அது ஆகாது. ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 100 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் போதும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று பொருள். சோடா, கோலா எதுவும் வேண்டாம்.

இனி, யாருக்கும் தெரியாது என்றீர்களே, அதுதான் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஊருக்கே சொல்ல வேண்டாம். பரிமாறுகிற ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது 100, 150 மில்லி பிடிக்கும் ஒரு குழாய். அதுவும் உள்ளே வீங்கியிருக்கும் இந்த மூன்றாவது வாரத்தில் நாலைந்து மேசைக்கரண்டியில் நிரம்பிவிடும். நம் வீடுகளில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. ‘எனக்காக இன்னும் ஒரு வாய்’ என்பார்கள். அந்த ஒரு வாயில்தான் நெஞ்சு அடைக்கும், நுரை நுரையாக எச்சில் ஊறும், வாந்தி வரும். முக்கி முக்கி வாந்தி எடுப்பது தையலுக்கு நல்லதல்ல. ‘வயிற்றில் ஆபரேஷன், டாக்டர் கூழ் மாதிரிதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்’ என்று மாமியாரிடம் சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல. என்ன ஆபரேஷன் என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

மசித்த உணவுக் கட்டம் இது. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் டயட் தாளில் இருப்பதே இறுதி. பொங்கல் ஒட்டும் பண்டம். அரிசி குழைந்து குழாயில் களியாக நிற்கும். அதற்கு ஒரு வழி உண்டு: பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வேகவைக்கும்போதே, அரிசி சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டி தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உப்பும் சிட்டிகை சீரகப் பொடியும் போட்டு மசித்தால் அதுதான் உங்கள் பொங்கல். முழு மிளகு, முந்திரி வேண்டாம். பண்ருட்டி முந்திரி எங்கேயும் ஓடிவிடாது. கரும்பு கடிப்பது கூடவே கூடாது, நார் போய் அடைத்துக்கொள்ளும். காணும் பொங்கலுக்கு மீன் வாங்கினால் உங்கள் பங்கைக் குழம்பில் போடாமல் ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, தயிர் விட்டு மசித்துக்கொள்ளலாம்.

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, 7 கிராம். நாலைந்து கரண்டி சாப்பாட்டில் 60 எட்டாது என்பதால், டாக்டர் சொன்ன புரதப் பவுடரை நாள் கணக்குப்படி அளந்து டப்பாவில் எடுத்துப் போங்கள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்துக் குடிக்கலாம். பந்தியில் எல்லோருடனும் உட்கார ஆசையாக இருந்தால் நாற்காலி போட்டு உட்காருங்கள். பொங்கல் பானையையோ பேரப்பிள்ளையையோ தூக்க வேண்டாம். முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் தூக்கக் கூடாது. ஆற்றுத் திருவிழாவுக்குப் போய் வாருங்கள், மணலில் நடப்பது நல்லதுதான். ஆபரேஷனுக்காக வயிற்றில் போட்ட துளைகள் முழுக்க ஆறாமல் தென்பெண்ணையில் முழுக்குப் போட வேண்டாம்.

கடைசியாக, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. தையலில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடி 120-ஐத் தொடுவது, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, இடது தோளில் வலி என்று காட்டும். தோள் வலியை வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். படுக்காதீர்கள். சர்ஜனுக்கு போன் செய்துவிட்டு, சி.டி. ஸ்கேனும் சர்ஜனும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும் இதே அவசரம்தான். டிஸ்சார்ஜ் சீட்டை உங்கள் போனிலும் கணவர் போனிலும் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: பைபாஸ் முறையில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்த என் அக்காவுக்கு இப்போது ஏழாவது வாரம். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா? வலி வந்தால் என்ன மாத்திரை?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நாக்கில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் வேண்டாம். பைபாஸ் என்பது இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. அதனால் வெல்லமும் நெய்யும் சிறுகுடலுக்கு நேராக, வேகமாக இறங்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி என்று படுத்தும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். கரும்புச் சாறு அதைவிட மோசம். ஒரு டம்ளரில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. அக்காவுக்கு நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், பழைய அளவிலேயே தொடர்கிறாரா என்று கேளுங்கள். சாப்பாடு குறைந்த பிறகு பழைய அளவு ஆபத்து.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை, ஊசியாகவும் வேண்டாம். குடலை இணைத்த இடத்தில் புண் வரும்.

கேள்வி: மனைவிக்கு ஸ்லீவ் முடிந்து ஆறு வாரம். நாலு நாளாக வாந்தி. விடுமுறை என்பதால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நாலு நாள் என்பதே தாமதம். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தொடர் வாந்தியில் பி1 எனப்படும் தயமின் தீர்ந்துபோகும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நரம்பு பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அடையாளம். ‘ஸ்லீவ் செய்திருக்கிறது, முதலில் தயமின் ஊசி, பிறகு டிரிப்’ என்று அங்குள்ள டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருந்தால், அதற்கு முன் ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். நண்பர்கள் புதுச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு பீர்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வேண்டாம். இப்போது மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், இறங்க நேரமாகும். பீரில் வாயு வேறு. திரும்பி வரும்போது வண்டியை நீங்களே ஓட்டுங்கள். நண்பர்களுக்கு அது உதவியாக இருக்கும்.